எலெக்ட்ரால் பொடி: ஓடுகிறவர்களுக்கு எப்போது உதவும், எப்போது வேண்டாம்

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற 21.8 கிராம் எலெக்ட்ரால் பாக்கெட் அடிப்படையில் வயிற்றுப்போக்குக்கானது. இப்போது நீண்ட தூரம் ஓடுகிறவர்களின் பையிலும், ஜிம் ஷேக்கரிலும் அதைப் பார்க்கலாம். ஓட்டக்காரருக்கு அது நல்ல பொருள். ஜிம்மில் முக்கால் மணி நேரம் எடை தூக்குகிறவருக்குத் தேவையே இல்லை.

காரணம் பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. சிறுகுடல் குளுக்கோஸை உள்ளிழுக்கும்போது சோடியத்தையும் சேர்த்தே இழுக்கிறது, அதன் பின்னால் தண்ணீர் போகிறது. குளுக்கோஸ் இருப்பது அதற்காகத்தான், தெம்புக்காக அல்ல. ஒரு லிட்டர் முழுவதும் குடித்தாலும் ஐம்பது கலோரி சொச்சம்தான். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதை வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய் என்று தனியாகத்தான் கொடுக்க வேண்டும். "எலெக்ட்ரால் குடித்தும் தெம்பு வரவில்லையே" என்பவர்களில் பலருக்குக் குறை உப்பில் இல்லை, சாப்பாட்டில்.

உப்பு விஷயத்தில் இது தாராளம். லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் சோடியம். வழக்கமான விளையாட்டு பானங்களைவிட மூன்று நான்கு மடங்கு. வியர்வையில் லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராமுக்கு மேல் வரை, ஆளுக்கு ஆள் மாறிப் போகிறது. கறுப்பு பனியனில் வெள்ளைப் படலம் படிகிறவர்களுக்கு இந்தப் பொடி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படும் சோடியம் வரம்பே 2 கிராம்தான். வியர்க்காமல் தினமும் ஒரு பாட்டில் குடிப்பது வீண் சுமை. ரத்த அழுத்தம், சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. சோடியத்தோடு பொட்டாசியமும் இருக்கிறது.

பெரும்பாலும் கெடுவது கலக்குவதில்தான். பாக்கெட் ஒரு லிட்டருக்கு, பாட்டிலோ 600 அல்லது 750 மில்லி. முழுதும் கொட்டினால் கரைசல் கெட்டியாகி, குடல் தண்ணீரை உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தும். அரை லிட்டரில் கலந்தால் நிலைமை தலைகீழ்: உடம்பிலிருந்தே குடலுக்குத் தண்ணீர் இறங்கும், ஓடும்போது குமட்டும், வயிறு கலக்கும். பாதிப் பொடியைக் கண்ணளவில் போடுவதும் சரியில்லை. உப்பும் குளுக்கோஸும் சமமாகக் கலந்திருக்காது, மீதி ஈரம் பிடித்துக் கட்டியாகும். இதற்கு எளிய வழி, 200 மில்லிக்கான 4.4 கிராம் சின்ன பாக்கெட். 600 மில்லி பாட்டிலுக்கு மூன்று, கணக்கு பிசகாது. பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பொடியைப் போட்டுக் குலுக்கி, பிறகு நிரப்புங்கள். காய்ந்த பாட்டிலில் முதலில் பொடி போட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை, ஜூஸ், சோடா எதுவும் சேர்க்க வேண்டாம். கலந்தது 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். சிப்பர் மூடியின் சிலிகோன் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், பூஞ்சை பிடிக்கிற இடம் அதுதான்.

எவ்வளவு குடிப்பது? எடை மெஷினே சொல்லும். ஓடும் முன் 68 கிலோ, ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு நின்றால் 66.9, வழியில் 400 மில்லி குடித்திருக்கிறீர்கள் என்றால் வியர்வை ஒன்றரை லிட்டர். சென்னை மாதிரி ஈரப்பதமான ஊரில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுவதால் இந்த அளவு சாதாரணம். குறைந்த 1.1 கிலோவுக்கு அடுத்த சில மணி நேரத்தில் 1.3 முதல் 1.6 லிட்டர் வரை, அதில் 600 மில்லி எலெக்ட்ரால், மீதி தண்ணீரும் சாப்பாடும். எடை ஏறியிருந்தால் அதுதான் ஆபத்து: கூடுதலாகக் குடித்த தண்ணீர் ரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்யும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடுகிற அளவுக்குக் குடித்தவர்களிடம் அது அதிகம் தென்பட்டது. எலெக்ட்ராலாக இருந்தாலும் அளவுக்கு மீறிக் குடித்தால் இதிலிருந்து தப்ப முடியாது.

சுவை உப்புத் தூக்கலான சப்பென்ற இனிப்பு. குளிர வைத்தால் தொண்டையில் எளிதாக இறங்கும்.

வாங்கும்போது டெட்ரா பேக் பானங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓஆர்எஸ் (எலெக்ட்ரால் போன்ற, நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-குளுக்கோஸ் கரைசல்) என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெயரைப் பார்க்காமல் மேலே சொன்ன நான்கு பொருளும் லிட்டருக்கு அதே கிராமில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எலெக்ட்ரால்தான் வேண்டும் என்றில்லை, வேறு கம்பெனி பாக்கெட்டும் அதே வேலையைச் செய்யும்.