ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி, மெரினாவில் மீதிப் பேச்சு

சாம்பாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் போகிறார்கள். தட்டில் இரண்டு இட்லி வரும். பின்னாலேயே ஒருவர் வாளியோடு வந்து, இட்லி முழுகும் வரை ஊற்றிவிட்டுப் போவார். சாம்பார் தீர்ந்தால் கூப்பிட வேண்டியதில்லை, பார்வை தட்டின் மேலேயே இருக்கும், மறுபடி வந்து ஊற்றுவார். மேலே ஒரு ஸ்பூன் நெய் விட்டுக்கொள்ளுங்கள், யோசிக்காதீர்கள்.

வந்தவுடன் ஸ்பூனைப் போடாமல் அரை நிமிஷம் பொறுத்தால் நல்லது. ஓரமெல்லாம் ஊறி, நடுவில் மட்டும் வெள்ளை மிச்சமிருக்கும் நேரம்தான் முதல் வாய்க்குச் சரியான நேரம். சாம்பார் நீர்க்கவும் இருக்காது, கெட்டியாகப் பருப்புக் கடைசல் மாதிரியும் இருக்காது. வறுத்து அரைத்த மல்லி வாசனைதான் முதலில் வரும். அதற்குப் பின்னால் லேசாக ஒரு இனிப்பு. காரம் கடைசியில் தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும். இந்த வரிசை ஒவ்வொரு முறையும் மாறாமல் வருவதுதான் எனக்கு ஆச்சரியம். வீட்டில் எத்தனையோ விதமாகச் செய்து பார்த்தாயிற்று, மல்லி வாசனை வந்தால் இனிப்பு தூக்கலாகிவிடும், இனிப்பைக் குறைத்தால் புளி முன்னால் வந்து நிற்கும்.

1948-ல் ஆரம்பித்த கடை. ஆரம்பித்தது வடக்கே மதுராவிலிருந்து வந்த குடும்பம் என்று சொன்னால் இன்னமும் நம்பாதவர்கள் உண்டு. உடுப்பிக்காரர்கள் கோலோச்சிய ஊரில், இட்லி சாம்பாருக்கென்று ஊரே பேர் சொல்கிற இடத்தை ஒரு வடநாட்டுக் குடும்பம் நடத்திக் காட்டியது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடிய பையன்கள், பார்த்தசாரதி கோயிலுக்கு வந்தவர்கள், சேப்பாக்கத்தில் மேட்ச் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்புகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜைகள் அவை.

நாங்கள் ஐந்து பேர் இப்போது அங்கேதான் சந்திக்கிறோம். 1981-லிருந்து 84 வரை கதீட்ரல் ரோடு ஸ்டெல்லா மாரிஸில் ஒன்றாகப் படித்தவர்கள். வகுப்பில் ஒரே பேரில் மூன்று பேர் இருந்ததால், ஆளை அடையாளம் சொல்ல ஊர்ப்பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் எல்லோருக்குமே அது ஒட்டிக்கொண்டது. பெரம்பூர், மாம்பலம், அடையாறு, மந்தைவெளி, நான் புரசைவாக்கம். கல்யாணமாகி யார் எங்கே குடிபோனாலும் பேர் மாறவில்லை. மந்தைவெளி இருபது வருஷம் நாக்பூரில் இருந்தாள். அப்போதும் மந்தைவெளிதான்.

போன வாரச் செய்திகள் இவை. பெரம்பூருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, இப்போது கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாள். "ஏறிக் காட்டட்டுமாடி?" என்று அங்கேயே எழுந்துவிட்டாள், பிடித்து உட்கார வைத்தோம். மாம்பலத்தின் பேரனுக்கு முதல் பல் விழுந்திருக்கிறது. அதை அவன் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வாயைத் திறந்து காட்டியதை அவள் படம் பிடித்து வைத்திருக்கிறாள், ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அடையாறு குடியிருக்கும் ஃபிளாட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். இரண்டு வருஷம் வாடகை வீடு, அப்பா காலத்துத் தேக்குக் கட்டிலை எங்கே வைப்பது என்பதுதான் அவள் கவலை. மந்தைவெளியின் வீட்டுக்காரர் ரிடையர் ஆனதும் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். "ரசம் நன்னா வைக்கறார்டி, ஆனா ஒரு ரசத்துக்கு ஆறு பாத்திரம்" என்றாள்.

இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒரு இடம் வேண்டும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்களுக்கு அந்த இடம் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெமினி மேம்பாலத்திலிருந்து கதீட்ரல் ரோட்டில் திரும்பினால் சில நிமிஷத்தில் வந்துவிடும். உள்ளே நுழைந்தால் ஓட்டல் கண்ணில் படாது, மரம்தான் படும். மர நிழலில் கார்கள் நிற்கும். சர்வர் காருக்கே வந்து ஆர்டர் எடுத்துக்கொண்டு, எவர்சில்வர் டிரேயைக் கார் ஜன்னலில் மாட்டிவிட்டுப் போவார். கார் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே உட்கார இடமும் செல்ஃப் சர்வீஸும் உண்டு. 1962-ல் திறந்தது. ஆரம்பித்த கே. கிருஷ்ண ராவ் உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஓட்டல் வேலையை அடியிலிருந்து கற்றுக்கொண்டு, உட்லண்ட்ஸ் என்ற பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். காருக்குள் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிடலாம் என்பது அந்தக் காலத்துச் சென்னைக்குப் பெரிய அதிசயம். ஆனால் எங்களுக்கு அது அதிசயமாகப் படவே இல்லை. காலேஜிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வெயில் படாமல், ஒரு காபியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதுதான் பெரிசு.

சோளா பட்டூராதான் வாங்குவோம். ஒரு பட்டூரா, அவ்வளவு பெரியது, தட்டை மீறிக்கொண்டு நிற்கும். நடுவில் விரலால் குத்தினால் ஆவி கையைச் சுடும். குத்துகிற உரிமை யாருக்கு என்பதில் தினமும் போட்டி. கொண்டைக்கடலையில் பச்சை வெங்காயத்தை வாரிப் போட்டுக்கொண்டு, மேலே எலுமிச்சையைப் பிழிந்து, ஐந்து பேரும் ஒரே தட்டில் பிய்த்துச் சாப்பிடுவோம். கையில் காசு குறைவு. அதனால் ஒன்று வாங்கி ஐவர் சாப்பிட்டாலும் சர்வர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கூடுதலாகக் கொஞ்சம் கொண்டைக்கடலை கொண்டுவந்து வைப்பார். அந்தக் கொண்டைக்கடலையை நான் மறக்க மாட்டேன்.

பக்கத்து மேஜைகளில் மெடிக்கல் ரெப்புகள் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, அடுத்து எந்த டாக்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம், விசா வரிசையில் நின்று வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். சினிமாக்காரர்கள் கதை பேசுவார்கள். காலையில் நடைப்பயிற்சி முடித்த பெரியவர்கள் ஒரு கூட்டம். எல்லோருமே பேசத்தான் வந்தார்கள், சாப்பாடு கூட வந்தது.

அடையாறுக்கு பாங்கில் வேலை கிடைத்த செய்தியை அங்கேதான் சொன்னாள். மந்தைவெளி வேறு ஜாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதை அங்கேதான் சொன்னாள், சொல்லி முடிக்கும் முன்னால் அழுதுவிட்டாள். பெரம்பூர்தான் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்கு வந்துடுடி, எங்கம்மா ஒண்ணும் சொல்லமாட்டா" என்றாள். நிஜமாகவே கல்யாணத்துக்கு முன்னால் சில நாள் பெரம்பூர் வீட்டில்தான் இருந்தாள். என் அம்மா தவறிப்போன பிறகு நான் முதன்முதலாக வெளியே வந்து சாப்பிட்டதும் அங்கேதான்.

இடம் அரசு நிலம். குத்தகை வழக்கெல்லாம் முடிந்து 2008-ல் மூடினார்கள். பிறகு 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்காவை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன, ஊருக்கு அது தேவைதான். பேரக் குழந்தைகளை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்து பேசுவதற்கு அந்த வட்டாரத்தில் அதற்கு ஈடாக ஒன்று வரவில்லை. அதே கிருஷ்ண ராவ் ஆரம்பித்த நியூ உட்லண்ட்ஸ் ராதாகிருஷ்ணன் சாலையில் இன்றும் நன்றாக நடக்கிறது. கல்யாண வீட்டுக் களையோடு இருக்கும், போனால் மனசு நிறையும். ஆனால் அது மாடி வைத்த ஓட்டல், இது மரத்தடி.

டிரைவ்-இன் பேச்சு வந்தால் மற்றவையும் வரிசையாக வந்துவிடும். எங்கள் புரசைவாக்கம் வீட்டிலிருந்து கிட்டத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் இருந்தது. பரீட்சை பாஸானால் அப்பா அங்கே ஐஸ்க்ரீம் வாங்கித் தருவார், அதற்காகவே படித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. மாம்பலத்தைப் பெண் பார்த்ததும் அங்கேதான். மாப்பிள்ளை ஐஸ்க்ரீமைத் தொடவே இல்லை, இவள் தன் பங்கை முழுக்கச் சாப்பிட்டாள், கல்யாணம் நடந்தது. அந்தக் கட்டிடமும் இப்போது இல்லை. லஸ் முனையில் சாந்தி விஹார் இருந்தது. மந்தைவெளி அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இதெல்லாம் மூடிய பிறகு நாங்கள் இடம் தேடாமல் இல்லை. சமீபத்தில் ஆழ்வார்பேட்டைப் பக்கம் புதிதாக வந்த ஒரு கஃபேக்குப் போனோம். நல்ல நாற்காலி, நல்ல ஏசி. காபி வந்து பாதி குடிப்பதற்குள் பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேடம், வேற ஏதாவது ஆர்டர் பண்றீங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்கள். கேட்ட பிள்ளை மேல் கோபமில்லை, அவனை யாரோ கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு வேறு சத்தமாக. பெரம்பூர் தன் ஆபரேஷன் தேதியை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அங்கே போகவில்லை.

ரத்னாவிலும் மணிக்கணக்கில் உட்கார முடியாது, அது சரியும்கூட. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னால் ஆள் காத்துக்கொண்டு நிற்கும்போது, சாப்பிட்டவர்கள் எழுந்து இடம் கொடுப்பதுதான் மரியாதை. அதனால் நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம். வார நாளில், காலைக் கூட்டம் கலைந்த பிறகு, பத்தரை மணிவாக்கில் போகிறோம். முதலில் ஆளுக்கொரு சாம்பார் இட்லி. வடையும் சாம்பாரில் போட்டுத் தருவார்கள். மந்தைவெளி வடைதான் கேட்பாள். எனக்கு இட்லிதான் சரி, வடைக்கென்று ஒரு ருசி இருப்பதால் சாம்பார் கொஞ்சம் ஒதுங்கிவிடுகிறது. இரண்டாவது முறை சாம்பார் ஊற்றும் வரை யாரும் பெரிய செய்தி எதையும் எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். வாய் நிறைய இருக்கும்போது நல்ல செய்தி வீணாகிவிடும் என்பது மாம்பலத்தின் கட்சி. இரண்டாவது வாளி போன பிறகு ஒவ்வொருத்தியாக ஆரம்பிப்பாள். கடைசியாக ஃபில்டர் காபி. டபராவில் ஆற்றிக் குடிக்கிற நேரம்தான் எங்கள் அவகாசம்.

மீதிப் பேச்சுக்கு மெரினா இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் பாரதி சாலை வழியாகச் சீக்கிரம் கொண்டுவிடுவார்கள், முன்பெல்லாம் நடந்தே போவோம். பத்தரைக்குச் சாப்பிட உட்கார்ந்தால் அங்கே போகும்போது வெயில் ஏறிவிடும் என்பதால், மார்கழி தை மாதங்களில்தான் இந்த ஏற்பாடு சரிப்படும். மற்ற மாதங்களில் சாயங்காலம் நாலரைக்கு ரத்னா, ஐந்தரைக்குக் கடற்கரை. மணலுக்குள் இறங்க பெரம்பூருக்கு இன்னும் டாக்டர் சம்மதிக்கவில்லை, அதனால் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறோம்.

என் தீர்ப்பைக் கேட்டால், இந்த ஊரில் உயிரோடு இருக்கிற பழைய கடைகளில் ரத்னா கஃபே சாம்பாருக்கு என் மதிப்பெண் முழுசாக உண்டு. டிரைவ்-இன்னிலும் இவ்வளவு நல்ல சாம்பார் கிடையாது, இதை மற்ற நான்கு பேரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கடை இருக்கும்போதே போய்விடுங்கள் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்கிறேன். உங்கள் ஊரில் உங்களுக்கென்று ஒரு கடை இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தாசப்பிரகாஷ் எப்போதும் இருக்கும் என்று நினைத்து, கடைசி சில வருஷம் நாங்கள் யாருமே அந்தப் பக்கம் போகவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கார் எடுத்துப் போகாதீர்கள், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் நிறுத்த இடம் தேடியே பசி அடங்கிவிடும். பார்சல் வாங்குவதானால் இட்லியையும் சாம்பாரையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்து சாம்பாரைக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். அடையாறு அப்படித்தான் மாமியாருக்குக் கொண்டுபோகிறாள். தொண்ணூறு வயதில் அவர் இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தில் மிச்சமிருக்கும் சாம்பாரைத் தம்ளரில் ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறாராம்.