12.9-ஆ, 8.8-ஆ? கடல்நீருக்குள் எந்த போல்ட்

மிதவை மேடையின் பிராக்கெட்டுகளுக்கு முதலில் நான் போட்டது எம்16 (16 மி.மீ. விட்டம்) அளவில் 12.9 தர போல்ட். இந்தத் தர எண் ஏற ஏற எஃகின் பலமும் கடினமும் ஏறும். பலம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று ஒரு கணக்கு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஸ்பானரை வைத்ததும் ஒன்றின் தலை கையோடு வந்துவிட்டது. துரு என்று சொல்ல எதுவுமில்லை. உடைந்த முகம் கற்கண்டுபோல் மணிமணியாக மின்னியது. இழுபட்டு ஒல்லியான அடையாளமே காணோம்.

இப்போது இருப்பது சூட்டில் துத்தநாகம் தோய்த்த எம்20, 8.8 தரம்.

துருவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. விஷயம் விரிசலில் இருக்கிறது. துருவைத் தடுக்க, எஃகுக்குப் பதில் தான் கரைந்துபோகும் அலுமினிய ஆனோடு என்ற உலோகக் கட்டியைக் கட்டுகிறோம் அல்லவா, அது எஃகின் மின்னழுத்தத்தை −1.05 வோல்ட் அருகே இறக்கிவிடும். துரு நிற்கும். ஆனால் அந்த நிலையில் எஃகின் மேலேயே ஹைட்ரஜன் பிறக்கிறது. அது உள்ளே புகுந்து, இழுவிசை குவியும் தலையடியிலும் முதல் மரையிலும் போய்ச் சேரும். மென்மையான எஃகு தாங்கும், கடினமானது பிளக்கும். கடலடி வேலைகளில் 350 விக்கர்ஸ் கடினத்தைத் தாண்டாதே என்பது பரவலான விதி. 12.9 தொடங்குவதே 385-ல், 8.8 அதிகபட்சம் 335. காப்பாற்றக் கட்டிய ஆனோடே 12.9-க்கு எமனாகிறது.

கடலில் மூழ்கவும் தேவையில்லை. 2013-ல் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து வளைகுடாப் பாலத்தில், துத்தநாகம் தோய்த்த உயர்பலக் கம்பிகள் 96-ல் 32, இறுக்கிய சில நாட்களிலேயே உடைந்தன. கம்பிகள் நின்ற குழிக்குள் தேங்கிய தண்ணீரே போதுமானதாக இருந்தது.

சரி, பலத்துக்கு என்ன செய்வது? நிரந்தரமாக நீளாமல் எம்16, 12.9 தாங்கும் சோதனைச் சுமை சுமார் 152 கிலோநியூட்டன், எம்20, 8.8 சுமார் 147. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். துளையைப் பெரிதாக்கவே இடமில்லாத பிராக்கெட் என்றால் இந்த வழி நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

316 ஸ்டெயின்லெஸ்? வெளியே பளபளக்கும், வாஷருக்கு அடியில் குழி விழும். போதாக்குறைக்கு மரை கடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். டைட்டானியம் கடல்நீரில் அரிக்காது. ஆனால் நான் போட்டது ஒரே இடத்தில், அதுவும் ஆனோடு இல்லாமல்.

ஆனோடு பாதி கரைந்ததும் மாற்றுகிறேன், பராமரிப்பு அவ்வளவுதான். மீந்த 12.9 போல்ட்டுகள் பட்டறை வைஸைப் பிடித்துக்கொண்டு நனையாமல் இருக்கின்றன.