காஜிமியெஷ் டோல்னி: சதுக்கத்தைத் தாண்டினால்தான் ஊர்

போலந்தின் லூப்ளின் மாநிலத்தில், விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வார நாளில் போங்கள். வார்சா சுமார் 140 கிலோமீட்டர்தான் என்பதால், கோடைச் சனி, ஞாயிறுகளில் சந்தைச் சதுக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. வண்டி நிறுத்தவும் அலைய வேண்டும். 2018 முதல் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகளுக்கு விடுமுறை என்பதால் தண்ணீர், தின்பண்டத்தைச் சனிக்கிழமையே வாங்கி வைப்பது உத்தமம்.

ஊருக்கு ரயில் கிடையாது. புவாவியில் இறங்கி பஸ் மாற வேண்டும். இறங்கிய கையோடு திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை, ப்ஷிபிவா சகோதரர்கள் 1615 வாக்கில் கட்டிய இரண்டு வீடுகள். க்டான்ஸ்க் துறைமுகத்துக்குத் தானியம் போன காலத்துப் பணம் அந்தச் சுவர் முழுக்கத் தெரியும்: ஒன்றில் புனித நிக்கோலஸ், மற்றதில் தோளில் குழந்தையோடு கிறிஸ்டோபர், சுற்றிலும் இடைவெளியே விடாத சுதை வேலை. ஊரின் அடையாளமான சேவல் வடிவ ரொட்டியைக் காலையில் சூடாக வாங்கினால் சாப்பிடலாம். சாயங்காலம் வாங்கினால் போட்டோவுக்குத்தான் ஆகும்.

மூன்று சிலுவைக் குன்றுக்குக் கட்டணம் உண்டு, ஏற்றமும் செங்குத்து. ஆறும் கூரைகளும் ஒரே பார்வையில் கிடைப்பதால் கொடுக்கலாம்.

ஆனால் இங்கே உண்மையான விசேஷம் மண்ணுக்குள் இறங்கிப் போகும் ஆழமான பள்ளப் பாதைகள்தான். காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் வண்டல் மண் இது. வெட்டினால் சரியாமல் செங்குத்தாக நிற்கும், தண்ணீர் பட்டால் கரையும். வண்டித் தடங்களை மழை அறுத்து அறுத்து ஆழமாக்கியதில் உருவானதுதான் கோஜெனியோவி டூ பள்ளம். தலைக்கு மேலே மரவேர்கள் மண்ணை விட்டு வெளியே வந்து பின்னிக் கிடக்கும். வேரைப் பிடித்து ஏறாதீர்கள், சுவர் உதிரும். மழை பெய்த மறுநாள் தரை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம், குழந்தைத் தள்ளுவண்டி வேண்டாம். பின்மதியத்தில் கூட்டம் சேரும், காலையில் போவது நல்லது.

எதிர்க்கரையில் யானோவியெட்ஸ் கோட்டை. பாதி இடிபாடு, சுவர்களில் வெள்ளை, சிவப்புப் பட்டைகள். காரையும் ஏற்றும் படகு கோடைப் பருவத்தில் மட்டும்தான். ஆற்றில் நீர் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் அதுவும் நின்றுவிடும். அப்போது புவாவி பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். கார் இல்லாதவர்கள் அன்றைக்குக் கோட்டையை விட்டுவிடலாம்.