கிளிமஞ்சாரோ: எந்தப் பாதை, எத்தனை ராத்திரி?

கிளிமஞ்சாரோவுக்குப் போவதென்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தப் பாதை நல்லது என்றுதான். மராங்கு, மச்சாமே, லெமோஷோ, ரொங்காய், நார்தர்ன் சர்க்யூட், உம்ப்வே என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பாதையை அப்புறம் பார்க்கலாம். மலையில் எத்தனை ராத்திரி தங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன் நான். பெரும்பாலான ஒப்பீடுகள் காட்டின் அழகு, கூட்டம், கழிப்பறை என்று சுற்றி வந்துவிட்டு இதைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

உச்சி 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம், நடந்தே ஏறிவிடலாம். அதனாலேயே இந்த மலையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். பாதியில் திரும்புகிறவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கால்வலி அல்ல. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் இதில் சலுகை கிடையாது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது உயர்மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கிளிமஞ்சாரோவில் எந்தப் பாதையும் இதை முழுசாகக் கடைப்பிடிப்பதில்லை. எது குறைவாக மீறுகிறது என்பதில்தான் போட்டியே.

மராங்குவா, மச்சாமேயா?

மராங்கு பழைய பாதை. கூடாரம் இல்லாமல் குடிலில் தங்கி ஏறக்கூடிய ஒரே பாதையும் அதுதான். மண்டாரா 2,720 மீட்டர், ஹொரொம்போ 3,720, கிபோ 4,720. ஒரு நாளைக்கு ஆயிரம் மீட்டர் என்று படிக்கட்டு மாதிரி ஏறுகிறது, சிக்கலே அங்கேதான். ஐந்து நாள் திட்டத்தில் மூன்றாம் நாள் சாயங்காலம் கிபோ குடிலில் இருப்பீர்கள். அன்று நள்ளிரவே உச்சிக்கு எழுப்பிவிடுவார்கள். ஆறு நாள் திட்டத்தில் ஹொரொம்போவில் ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடைக்கும். பகலில் வரிக்குதிரைப் பாறைகள் வரை ஏறி இறங்கலாம். மராங்கு என்றால் இந்த ஆறு நாள்தான். ஐந்து நாள் திட்டத்தை விற்கவே கூடாது என்பது என் கட்சி.

மச்சாமேயில் கூடாரம்தான். முதல் ராத்திரி சுமார் 2,850 மீட்டர், இரண்டாவது ஷிரா முகாமில் 3,850. மூன்றாம் நாள் லாவா டவர் என்ற பாறைக் கோபுரம் வரை, அதாவது 4,600 வரை ஏற்றி, அங்கே மதியச் சாப்பாடு கொடுத்து, பரான்கோ முகாமுக்கு 3,950க்கு இறக்கிவிடுவார்கள். அன்று பலருக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கும், இறங்கியதும் தணியும். உடம்பை உயரத்துக்குப் பழக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. மூன்றாம் ராத்திரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்: ஐந்து நாள் மராங்குக்காரர் 4,720இல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நள்ளிரவுக்காகக் காத்திருக்கிறார். மச்சாமேக்காரர் 4,600ஐத் தொட்டுவிட்டு, 3,950இல் சூப் குடித்துவிட்டுத் தூங்குகிறார்.

மறுநாள் பரான்கோ சுவர். சுமார் 250 மீட்டர் பாறைச் சரிவு, சில இடங்களில் கையையும் ஊன்றி ஏற வேண்டும். படத்தில் பார்க்கிற அளவு பயங்கரமில்லை. அதே சுவரில் தலையில் மூட்டையோடு போர்ட்டர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள், வெட்கமாக இருக்கும்.

மச்சாமேயிலும் ஒரு கண்ணி உண்டு, ஆறு நாள் திட்டம். அதில் கரங்கா முகாமின் ராத்திரியை வெட்டிவிடுவார்கள். சுவர் ஏறி, கரங்கா தாண்டி, அன்றே 4,670 மீட்டரில் இருக்கும் பராஃபு முகாம் வரை நடந்து, நாலைந்து மணி நேரம் படுத்துவிட்டு நள்ளிரவில் கிளம்ப வேண்டும். ஏழு நாளுக்குக் குறைவாக மச்சாமே வேண்டாம்.

லெமோஷோவுக்குக் கூடுதல் பணம் தகுமா?

லெமோஷோ மேற்கே லொண்டொரோசி பக்கமிருந்து தொடங்குகிறது. முதல் நாள் மழைக்காடு, கொலோபஸ் குரங்குகள். அப்புறம் ஷிரா பீடபூமியை நிதானமாகக் குறுக்கே கடக்கலாம். ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: லாவா டவர் நெருங்கும்போதே அது மச்சாமேயோடு சேர்ந்துவிடுகிறது. அங்கிருந்து அதே பரான்கோ, அதே பராஃபு, அதே கூட்டம். ஆக, கூடுதல் காசுக்குக் கிடைப்பவை ஆரம்ப நாட்களின் அமைதியும் ஒரு ராத்திரியும்தான்.

அந்த ஒரு ராத்திரியின் விலையைக் கணக்குப் போட்டால் விஷயம் தெளியும். இந்த மலை ஒரு தேசியப் பூங்கா; வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் ஒரு நாளைக்கு 70 டாலர், கூடாரத்துக்கு ஒரு ராத்திரிக்கு 50, மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20, இவற்றின் மேல் 18 சதவீத வாட் வரி. இதன்படி ஏழு நாள் மச்சாமேக்குப் பூங்காவுக்கு மட்டும் சுமார் 955 டாலர் போகிறது. எட்டு நாள் லெமோஷோவுக்கு 1,100க்குப் பக்கம். கட்டண வித்தியாசம் 140 டாலர்தான். ஒரு நாள் கூலி, சாப்பாடு, வண்டிச் செலவு தனி. விமான டிக்கெட், ஷூ, ஜாக்கெட் என்று லட்சக்கணக்கில் இறைத்துவிட்டு இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியவே இல்லை. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவு நிறுவனங்களை எடைபோடவும் இந்தக் கணக்கே போதும். ஏழு நாள் மச்சாமேயை ஒருவர் 1,100 டாலருக்குத் தருகிறார் என்றால், பூங்காப் பணம் போக மிஞ்சுவது 150 டாலருக்கும் கீழே. அதில் வழிகாட்டி, சமையல்காரர், தலைக்கு மூன்று நான்கு போர்ட்டர்கள், சாப்பாடு, கூடாரம் எல்லாம் எப்படி முடியும்? யாரோ ஒருவர் வயிற்றில் அடித்துத்தான் முடியும், அது பெரும்பாலும் போர்ட்டர். 1991 முதல் வழிகாட்டி இல்லாமல் இந்த மலையில் ஏற அனுமதி இல்லை, ஆகவே நிறுவனத்தை ஒதுக்கிவிட்டுப் போகவும் வழி கிடையாது. மச்சாமே வாசலில் காலையில் நின்றால் பார்க்கலாம்: போர்ட்டர்கள் வரிசையில் நிற்க, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். ஒருவர் சுமப்பதற்கு 20 கிலோ என்று வரம்பு உண்டு. அதனால் உங்கள் பை 15 கிலோவைத் தாண்டக் கூடாது. கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, சரியான கூலியும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுக்கிற நிறுவனங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. நான் அந்தப் பட்டியலுக்கு வெளியே தேட மாட்டேன். டிப்ஸுக்கும் தலைக்கு 250 முதல் 350 டாலர் வரை தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது கூலியின் ஒரு பகுதி மாதிரி.

ரொங்காயை ஏன் யாரும் பேசுவதில்லை?

ரொங்காய் வடக்கே, கென்ய எல்லைப் பக்கமிருந்து ஏறுகிறது. மழை மறைவுப் பிரதேசம் என்பதால் தெற்குப் பாதைகளைவிட ஈரம் குறைவு. காடு சுருக்கம், சரிவு நிதானம். காட்சி கொஞ்சம் மொட்டை என்று சிலர் குறை சொல்வார்கள். 4,310 மீட்டரில், மவென்சிச் சிகரத்தின் கூரான பாறைகளுக்கு நேர் கீழே இருக்கும் மவென்சி டார்ன் முகாமைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஏழு நாள் எடுத்தால் அங்கே ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கிப் பழகலாம். லாவா டவர் போல ஏறி இறங்கும் ஒரு பெரிய நாள் இதில் இல்லாதது குறைதான். இறக்கம் மராங்கு வழியாக.

ரொங்காயும் மராங்குவும் உச்சிக்குக் கிளம்புவது கிபோ குடிலிலிருந்து. பாதைப் பெயர்களை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கிபோவிலிருந்து சரளைச் சரிவில் ஏறினால், எரிமலை வாயின் விளிம்பைத் தொடும் இடம் கில்மன்ஸ் பாயிண்ட், 5,685 மீட்டர். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். விடியும் நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்ததும், போதும் என்று உடம்பு சொல்லும். அங்கே வரை போனாலும் சான்றிதழ் உண்டு என்பது இன்னும் ஆபத்தான சமாதானம். உச்சியான உஹுருவுக்கு விளிம்போடு இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பராஃபுவிலிருந்து ஏறுகிறவர்கள் தொடுவது ஸ்டெல்லா பாயிண்ட். அங்கிருந்து உஹுரு முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. ஆக, உச்சி ராத்திரியை மட்டும் வைத்துப் பார்த்தால் மச்சாமே, லெமோஷோ பக்கமே என் ஓட்டு.

அந்த ராத்திரிக்கு ஒரு சின்னக் குறிப்பு: தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேற்பக்கத்திலிருந்து என்பதால் மூடிப் பக்கம் திறந்திருக்கும். முதுகுப்பையிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சும் தண்ணீர்ப் பை அந்தக் குளிரில் உதவாது, குழாய் கட்டியாகிவிடும்.

மிச்சம் இரண்டு. உம்ப்வே செங்குத்து, குறுக்குவழி. முதல் முறை போகிறவர்கள் மறந்துவிடலாம். நார்தர்ன் சர்க்யூட் பொதுவாக ஒன்பது நாள். லெமோஷோவில் தொடங்கி, மற்றவர்கள் தெற்கே திரும்பும்போது இது வடக்கே சுற்றிப் போகிறது. உயரத்துக்குப் பழக இதைவிட நல்ல பாதை இல்லை, கூட்டமும் இல்லை. விடுமுறையும் பணமும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இல்லாதவர்களுக்கு என் வரிசை: எட்டு நாள் லெமோஷோ, ஏழு நாள் மச்சாமே, ஏழு நாள் ரொங்காய், கடைசியாக ஆறு நாள் மராங்கு. மாதத்தைப் பொறுத்து இது மாறும். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரையும் இதே வரிசைதான். நவம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் ரொங்காயை முதலில் வையுங்கள். ஈரக் கூடாரத்தில் படுக்கவே முடியாது என்கிறவருக்கு மராங்குவின் கட்டிலும் கூரையும் பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஏப்ரல், மேயில் தள்ளுபடி கிடைக்கும். பெருமழைக் காலம் அது, காட்டுப் பாதை முழுக்கச் சேறாக இருக்கும் என்பதால்தான் அந்தத் தள்ளுபடி.