ஐபிஎஸ் (IBS) குடல் வலிக்கு மெபெவரினா, அமிட்ரிப்டிலினா?

ஐபிஎஸ் என்பது குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிற்றுவலியும், வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ அடிக்கடி வந்துபோகும் தொல்லை. அதற்கான இந்த இரண்டு மருந்தையும் மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தவன் நான். இப்போது தொடர்வது அமிட்ரிப்டிலின். அதனால் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

மெபெவரினில் பெரிய குறை இல்லை. குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். டைசைக்ளோமின் என்ற இன்னொரு வயிற்றுவலி மருந்தைப் போட்ட நாட்களில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எழுத்து மங்கும். மெபெவரினில் அந்தத் தொல்லை இல்லை. புதினா எண்ணெய் காப்ஸ்யூலும் பார்த்தேன். எனக்கு நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

என்னை மாற வைத்தது நேரக் கணக்கு. மெபெவரின் 135 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால், மூன்று வேளையும் போட வேண்டும். ஒரு மணிச் சாப்பாட்டுக்கு 12.40க்கு அலாரம் வைத்தேன். அது அடிக்கும்போது யாரோ மேஜைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டில் கேட்கவே வேண்டாம்: பந்தியில் இடம் கிடைத்த பிறகுதானே சாப்பிடப் போகிறோம் என்பதே தெரிகிறது! 200 மி.கி. காப்ஸ்யூல் இரண்டு வேளைதான், ஆனால் அதற்கும் அதே 20 நிமிடம். வாரத்தில் பாதி வேளை தவறியது. தவறிய நாட்களில் வலித்தது.

அமிட்ரிப்டிலின் ராத்திரி ஒன்று. மனச்சோர்வுக்கான பழைய மருந்து என்பதால் மருந்துக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குக் கொடுத்தது 10 மி.கி.; மனச்சோர்வுக்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும். இங்கே அதன் வேலை, குடலிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் சேதியை மட்டுப்படுத்துவது. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த அட்லாண்டிஸ் ஆய்வு 2023இல் லான்செட்டில் வந்தது. முதல்கட்ட சிகிச்சை பலிக்காதவர்கள் 10இல் தொடங்கி 30 மி.கி. வரை ஆறு மாதம் எடுத்தார்கள்; வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு நன்றாகவே குறைந்திருந்தது.

சும்மா வரவில்லை அந்த நிம்மதி. முதல் வாரம் காலையில் அப்படி ஒரு மந்தம். போட்ட காபியை மறந்து இன்னொரு டம்ளர் போட்டேன். பத்து மணி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றியதும் சரியானது. வாய் வறட்சி இன்னும் உண்டு. நான்காவது வாரம் வரை வலி அப்படியேதான் இருந்தது, பாதியில் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நிறுத்துவதானாலும் டாக்டரிடம் கேட்டு மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

எனக்கு வயிற்றுப்போக்கு வகை. இந்த மருந்து மலத்தைக் கட்டும், எனக்கு அது லாபம். மலச்சிக்கல்காரர்கள் என் அனுபவத்தை நம்பி இறங்க வேண்டாம். கண் அழுத்தம், புராஸ்டேட், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம், முதலில் பரிசோதனை.

மெபெவரின் அட்டை ஒன்று இன்னும் பையில் கிடக்கிறது. வெளியூர் ஓட்டல் சாப்பாட்டு நாட்களுக்கு, டாக்டரைக் கேட்டே வைத்திருக்கிறேன்.