ஏரிக்கரை நடையா, பஸ்கியும் பளுவுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவனுக்கு நாள் முழுக்க உட்கார்ந்த வேலைதான். 43 வயதில் எடை 84 கிலோவைத் தொட்டதும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. மூக்கனேரிக் கரையில் தினமும் நடந்தால் போதும் என்றார் மாமா. ஜிம்முக்கு வந்து பளு தூக்குங்கள் அண்ணா என்றான் தம்பி. இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எடை மெஷினில் எண் இறங்கினால் போதும் என்பவருக்கு நடை, ஓட்டம் போன்ற கார்டியோதான் சரி. ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. என்னைப் போன்றவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 400 சொச்சம். நடந்தால் அதைவிடக் குறைவு. ஜிம்மில் செட்டுக்கு செட் இளைப்பாறும் நேரமும் உண்டு என்பதால் அதே அளவு நேரத்தில் அவ்வளவு செலவாவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 119 பேரை வைத்து 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. 8 மாத முடிவில் கார்டியோ மட்டும் செய்தவர்கள் சராசரியாக ஒன்றே முக்கால் கிலோ இளைத்தார்கள். பளு மட்டும் தூக்கியவர்களுக்கு எடை சற்றுக் கூடியிருந்தது.

எட்டு மாதம் உழைத்து ஒன்றே முக்கால் கிலோதானா என்று தோன்றும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நடையால் மட்டும் கரைத்துவிடக்கூடிய கடன் அல்ல அது. நானும் மூன்று மாதம் நடந்து இரண்டரை கிலோ குறைத்தேன். பிறகு எண் அசையவில்லை. திரும்பும் வழியில் வண்டி தானாக நின்ற தட்டுவடை செட் கடைக்கும் அதில் பங்கு உண்டு.

பளுவின் பக்கம் ஒரு மிகைப் பேச்சு இருக்கிறது. தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்பார்கள். எரியும்தான், ஆனால் ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளுக்குச் செலவழிப்பது 13 கலோரி அளவே. பாடுபட்டு இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் ஒரு இட்லிக்குக் காணாது.

பளுவின் உண்மையான பலம் வேறிடத்தில். சாப்பாட்டைக் குறைத்து இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது; பளு தூக்கினால் அந்தத் தசையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் எடையை மட்டும் பார்த்து யாரும் காசு கொடுப்பதில்லை. டச் எவ்வளவு, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று கேட்போம். எடை மெஷினுக்கு அந்தக் கேள்வி தெரியாது. ஆறு மாதம் பளு தூக்கியதில் எனக்கு எடை அரைக் கிலோதான் குறைந்தது. ஆனால் பெல்ட்டின் பழைய துளை இழுபட்டு நீள்வட்டமாகிக் கிடக்க, அதற்கு உள்ளே இரண்டு துளை தள்ளிப் பட்டறை ஆணியால் புதிதாக ஒன்று போட வேண்டியிருந்தது. 25 கிலோ அரிசி மூட்டையை மாடிக்கு இடையில் இறக்காமல் கொண்டுபோகிறேன்.

ஏற்காடு மலைச்சாலையில் நடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடாதா என்று கேட்கலாம். பாதிதான். அடிவாரத்திலிருந்து மூன்று கொண்டை ஊசி வளைவு ஏறிய அன்று மூச்சுக்கு முன்னால் தொடைதான் கெஞ்சியது. தோளுக்கும் முதுகுக்கும் அதில் வேலையே இல்லை. கனத்த உடம்போடு இறங்கி வந்ததில் முழங்கால் இரண்டு நாள் பேசியது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஏரிக்கரைக்குக் கட்டணம் கிடையாது, தண்டால் பஸ்கிக்கும் கிடையாது.

ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள் என்றால், நாற்பதைத் தாண்டியவருக்கு நான் பளுவையே சொல்வேன். நடையை எப்படியாவது நாளுக்குள் நுழைத்துவிடலாம், பளு அப்படி நுழையாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் இரண்டையும் கேட்டது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. இப்போது எனக்கு நான்கு நாள் ஏரிக்கரை, இரண்டு நாள் ஜிம். திரும்பும்போது கோரிமேடு வழியாகச் சுற்றி வருகிறேன், தட்டுவடைக் கடை கண்ணில் படாமல் இருக்க. வண்டியில்தான் என்பதால் அந்தச் சுற்று கலோரிக் கணக்கில் வராது.