விசேட கல்வி அலகில் தொடர்வதா, ஆசிரிய ஆலோசகராகப் போவதா?

வன்னியில் விசேட கல்வி ஆசிரியர் ஒருவருக்குச் சில வருடங்களின் பின் இந்தக் கேள்வி வரும். அலகு என்பது சாதாரண பாடசாலைக்குள் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு; ஆசிரிய ஆலோசகர் பாடசாலை பாடசாலையாகப் போய் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுபவர். இரண்டும் ஒரே பிள்ளைகளுக்கான வேலைதான், ஆனால் கேட்கும் திறமை வேறு.

அலகில் வளர்ச்சி என்பது நுணுக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுதும் தனியாள் கல்வித் திட்டத்தில் "எழுத்துகளை அறிவார்" என்று எழுதினால் தவணை முடிவில் எதை அளப்பது? "காட்டும் 5 எழுத்துகளில் 4ஐ, தொடர்ந்து 3 நாள், உதவியின்றிச் சொல்வார்" என்றால் அடுத்த படி தானாகத் தெரியும். இங்கே பெரிய இடைஞ்சல், லீவில் நிற்கும் ஆசிரியரின் வகுப்புக்கு அலகு ஆசிரியரை அனுப்பிவிடுவது. நாளின் ஒழுங்கை நம்பியிருக்கும் ஓட்டிசப் பிள்ளை அதில் குழம்பிப்போகும். தவணை தொடங்கமுன்னரே அலகுக்கான நேரசூசியை அதிபரிடம் எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

ஆலோசகருக்கோ தூரமே முதல் சிக்கல். முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய் என இரண்டு கல்வி வலயங்கள். ஒட்டுசுட்டான், மாந்தை கிழக்கு உட்கிராமங்களுக்குப் பஸ்ஸை நம்பிப் போனால் காலைப் பாடங்கள் முடிந்துவிடும். குறிப்புப் புத்தகத்தில் நாலு வரி எழுதிவிட்டுத் திரும்புவதால் ஒன்றும் மாறாது. ஒரு பாடத்தைத் தானே நடத்திக் காட்டி, சில கிழமைக்குள் மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும்.

படிப்பு இரண்டுக்கும் பொது: வேலையில் இருந்தபடியே திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம்.

எங்கள் கருத்து: சில பிள்ளைகளின் திட்டங்களையாவது தொடக்கம் முதல் மீளாய்வு வரை அலகில் செய்து பார்க்காமல் ஆலோசகர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.